நர்ஸ் சொன்னால் டாக்டர் கேட்பாரா?

2005 மார்ச் மாதம், இங்கிலாந்தில் விமானி ஒருவரின் மனைவிக்குச் சைனஸ் ஆபரேஷன் தொடங்கியது. மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமிக்க மூன்று டாக்டர்கள் தொண்டைக்குள் குழாய் செலுத்தவே திரும்பத் திரும்ப முயன்றார்கள். ஒரு நர்ஸ், கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவைத்தார். டாக்டர்களின் பார்வையைக் கண்டு அதை ரத்து செய்தார். 13 நாள் கழித்து நோயாளி இறந்தார். செய்ய வேண்டியது என்ன என்பது நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது; அதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. வருடக்கணக்கில் தனித்தனி வகுப்பில் படித்தவர்களை ஒரே ஆபரேஷன் தியேட்டரில் நிறுத்தி, 'குழுவாக வேலை செய்யுங்கள்' என்றால் எப்படி?

இதற்கு ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986லேயே வழி தேடியது. மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி மாணவர்களைச் சேர்த்துவைத்துப் பாடம் நடத்தியது. 1996இல் ஒரு வார்டையே மாணவர்களிடம் விட்டது. மேற்பார்வைக்கு ஆள் உண்டு; ஆனால் நோயாளிக்கு அடுத்து என்ன செய்வது என்பதை மாணவர்களே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2010இல் இத்தகைய கூட்டுக் கல்வியை வலியுறுத்தியது.

பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்த 'எஸ்பார்': நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. "டாக்டர், 12ஆம் பெட் நோயாளிக்கு மூச்சு வாங்குது. நேத்துதான் இடுப்பு ஆபரேஷன் ஆச்சு. ஆக்ஸிஜன் 86க்கு இறங்கிடுச்சு, நுரையீரல்ல ரத்தக்கட்டு இருக்கலாம்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்."

முதல் இரண்டையும் நம் நர்ஸுகள் தினமும் சொல்கிறார்கள். 'நினைக்கிறேன்', 'வரணும்' என்பதில்தான் நாக்கு தடுமாறுகிறது. (அதைக் கேட்டு முகம் சுளிக்காதிருக்க டாக்டருக்கும் பயிற்சி வேண்டும், அதை யாரும் பேசுவதில்லை.)

நம் ஊரில் மருத்துவக் கல்லூரியும் நர்சிங் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்கள் பல. பெரிய செலவு வேண்டாம். வாரத்தில் ஒரு மதியம், ஒரு பொம்மை நோயாளியைச் சுற்றி இரு கல்லூரி மாணவர்களையும் நிறுத்துங்கள். முதலில் நர்சிங் மாணவி பேசட்டும்.