ரத்தத்தின் ஊற்றுக்கண்

வாந்தியில் ரத்தம் கண்டால் பதறி வைத்தியரிடம் ஓடுகிற மனிதர்களே, அதே ரத்தம் குடல் வழியே இறங்கி, ஜீரண மாறுதல்களுக்கு உட்பட்டு, தார் போலக் கறுத்த மலமாகச் சகிக்கவொண்ணாத துர்நாற்றத்துடன் வெளியேறும்போது, உடம்புச் சூடு என்று எண்ணி வாளாவிருந்துவிடுகிறார்கள். (இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுப்பதுண்டு, ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இரா.)

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகிய மூன்றில் எதிலிருந்தும் இவ்விதம் ரத்தம் கசியலாம். பிரதானமான காரணம் புண். நெடுங்காலம் கவலையின்மீதும் காரத்தின்மீதும் சுமத்தப்பட்டிருந்த அந்தப் பழி, ஆஸ்திரேலியரான பாரி மார்ஷல் 1984-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டிய பின்னரே மெல்ல விலகத் தொடங்கியது. 2005-இல் அக்கிருமியை அவருடன் ஆராய்ந்த ராபின் வாரனும் அவரும் நோபல் பரிசு பெற்றனர். மூட்டு வலிக்கென்று வைத்தியர் சொல்லாமலே மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். இவற்றினும் கொடியது, மதுவாலோ மஞ்சள்காமாலைக் கிருமிகளாலோ கல்லீரல் சுருங்கி, அதற்குச் செல்லும் ரத்தம் வழியடைபட்டு, உணவுக்குழாயின் நாளங்களைப் புடைத்து வெடிக்கச் செய்வது.

புண்ணுக்கு ஒரு சிகிச்சை, நாளத்துக்கு வேறொன்று. ஆகவே ஊற்றுக்கண்ணைக் கண்ணாலேயே பார்த்தாக வேண்டும். ஜெர்மானிய வைத்தியர் குஸ்மௌல் 1868-இல் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டையில் நேரான குழாயைச் செலுத்திப் பார்த்தார். குழாய் இறங்கியது, வெளிச்சந்தான் போதவில்லை. வளைந்து கொடுக்கும் கண்ணாடி இழைக் குழாயை அமெரிக்காவின் மிச்சிகனில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் முதலில் தாமே விழுங்கிப் பரீட்சித்த பிறகு இவ்விதம் பார்ப்பது எளிதாயிற்று.

இன்று, நோயாளிக்குத் திரவமும் அவசியமானால் ரத்தமும் ஏற்றி நாடியை நிலைப்படுத்திய பின், சாதாரணமாக 24 மணி நேரத்துக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். ரத்தம் பீறிடுகிறதா, நாளம் வெளித்தெரிகிறதா, புண்ணின் அடித்தளம் சுத்தமாக இருக்கிறதா என்பதைக் கொண்டு மறுபடி கசியும் அபாயத்தை மதிப்பிட்டு, வேண்டுமாயின் அக்கணமே கிளிப் மாட்டியோ சூடு வைத்தோ அடைப்பார்கள். புடைத்த நாளமானால் ரப்பர் வளையத்தால் கட்டிவிடுவார்கள். ரத்தம் கசியும் சமயத்தில் ஹெலிகோபாக்டர் கிருமிச் சோதனை சிற்சில வேளை பொய்யாக 'இல்லை' என்று காட்டிவிடுமாதலால், அந்த முடிவைக் கொண்டு திருப்தியடையாமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்துக்கொள்வது அவசியம்.