காணொலிக் கூட்டமும் கடைப் பூட்டும்



வியாபாரிகள் ஒன்றுகூடிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. சங்கக் கட்டிடத்திலும், கல்யாண மண்டபத்திலும், மொத்தக் கடை மாடியிலும் காலங்காலமாகக் கூடி வந்திருக்கிறோம். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்த பிறகு, செல்போன் வழியாகக் கூடும் காணொலிக் கூட்டமும் இதோடு சேர்ந்துகொண்டது. ஊரடங்கு போய்விட்டது. காணொலிக் கூட்டம் நின்றுவிட்டது.

அது நின்றதற்குக் காரணம் உண்டு. பழநியில் கடை வைத்திருப்பவர் திண்டுக்கல்லுக்கு வர வேண்டுமானால் போக 60, வர 60 என்று கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர் பயணம். கடை அரை நாள் மூடிக் கிடக்கும். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு நண்பர்களுக்கும் தூரம் குறைவானாலும் பயணச் சிரமம் உண்டு. ஒரு மணி நேரப் பேச்சுக்காக அரை நாள் வியாபாரத்தை இழக்க வேண்டாம் என்பது காணொலியால் நமக்கு வந்த லாபம்.

ஆனால் நம் கூட்டங்களில் என்ன பேசுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது, எந்த ஆலையில் சரக்கு எடுக்கிறோம், எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் பேச்சில் வருகிறது. இவையெல்லாம் நம் முதலுக்குச் சமம். சங்கக் கட்டிடத்துக்குள் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால், "அண்ணாச்சி, தாங்கள் யார்?" என்று வாசலிலேயே கேட்டுவிடுவோம். காணொலியில் அந்த வாசல் காவலை நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

2020-இல் நடந்தது என்ன?

ஜூம் என்ற செயலியில் 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 கோடிப் பேர் கூட்டங்களில் கலந்துகொண்டார்கள். 2020 மார்ச்சில் அது 20 கோடியைத் தாண்டியது. புதிதாக வந்தவர்களில் பலர் கடவுச்சொல் இல்லாமலே கூட்டம் நடத்தினார்கள். அழைப்பு இல்லாதவர்கள் உள்ளே புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டுவதும், கூச்சல் போடுவதும் பல நாடுகளில் நடந்தது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்த மாணவர்களின் பாடத்தில் இப்படிச் சிலர் புகுந்ததால், ஆசிரியர்கள் ஜூம் பயன்படுத்துவதை அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் சில காலம் நிறுத்தி வைத்தது.

நம் மத்திய உள்துறை அமைச்சகமும் 2020 ஏப்ரல் 16 அன்று ஓர் அறிவுரை வெளியிட்டது. அரசு அலுவலர்கள் அலுவல் காரியங்களுக்கு ஜூமைப் பயன்படுத்தக் கூடாது என்றும், தனியார் பயன்படுத்துவதானால் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. அந்த நிறுவனமும் அதற்குச் சற்று முன்பாகவே இலவசக் கணக்குகளில் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் தாமாகவே இயங்கும்படி மாற்றியிருந்தது. அமைச்சகம் சொன்ன ஏற்பாடுகள் எந்தச் செயலிக்கும் பெரும்பாலும் பொருந்தும். அவற்றைக் கீழே நம் முறையில் விளக்குகிறோம்.

நேரம் குறிப்பது

மளிகைக் கடைக்குக் காலையும் மாலையும் கூட்ட நேரம். மதியம் 2.30 முதல் 4 மணிக்குள்ளோ, இரவு 9.30 மணிக்கு மேலோ வைத்தால் பலரும் வருவார்கள். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்கு வழக்கமான கடைசி நாட்களான 11, 20 தேதிகளைத் தவிர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுப்பவர்களுக்கு 13, 22 தேதிகளும் நெருக்கடியான நாட்கள்தாம். அழைப்பை மூன்று நாள் முன்னதாக அனுப்பிவிட்டு, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மறுபடி நினைவூட்டலாம்.

இலவசக் கணக்கானால் ஜூமில் 40 நிமிடத்தில் கூட்டம் நின்றுவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் 60 நிமிடம்தான். இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். ஆகையால் பேசவேண்டிய பொருள்களை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று வகுத்துக்கொள்ள வேண்டும்.

சாவியைக் காப்பது

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டானாலும், சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனால் பயனில்லை. காணொலிக் கூட்டத்துக்கு லிங்க் எனப்படும் இணைப்புதான் சாவி. அதை முகநூலிலோ, பலதரப்பட்டவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலோ போடக் கூடாது. உறுப்பினர்களுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். மற்றவை வருமாறு:

1. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய கூட்ட எண்ணும் புதிய கடவுச்சொல்லும் வேண்டும். பழைய எண்ணையே வைத்திருந்தால், போன வருடம் விலகிப்போனவரும் உள்ளே வரலாம்.

2. வெயிட்டிங் ரூம் எனப்படும் காத்திருப்பு அறையை இயக்கி வைக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விடலாம். உறுப்பினர்கள் தம் பெயரோடு கடைப் பெயரையும் ஊரையும் போட்டுக்கொண்டால் அடையாளம் காண்பது சுலபம்.

3. நடத்துபவர் வருவதற்கு முன் மற்றவர்கள் உள்ளே நுழையாதபடி அமைக்க வேண்டும்.

4. திரையைப் பகிரும் உரிமை நடத்துபவரிடம் மட்டும் இருக்க வேண்டும். ஆபாசப் படம் காட்டியவர்களில் பலர் இந்த வழியில்தான் காட்டினார்கள்.

5. கோப்பு அனுப்பும் வசதியை நிறுத்தி வைக்க வேண்டும். விலைப் பட்டியல் என்ற பெயரில் கெட்ட கோப்பு வரக்கூடும்.

6. வெளியேற்றப்பட்டவர் திரும்ப நுழைய முடியாதபடி அமைக்க வேண்டும்.

7. எல்லோரும் வந்த பிறகு, லாக் மீட்டிங் என்பதை அழுத்திக் கூட்டத்தைப் பூட்டிவிட வேண்டும்.

8. பதிவு செய்யும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது.

9. முடிந்ததும் நடத்துபவர் தாம் மட்டும் வெளியேறாமல், எல்லோருக்கும் சேர்த்துக் கூட்டத்தை முடித்துவிட வேண்டும். முதலாளி வீட்டுக்குப் போய்விட்டார், கடை திறந்து கிடக்கிறது என்ற நிலை வரக் கூடாது.

தலைமை தாங்குபவரே வாசலையும் பார்த்துக்கொள்வது சிரமம். ஒருவர் கூட்டத்தை நடத்தட்டும். செயலியில் பழக்கமுள்ள இன்னொருவர் வாசலைக் கவனிக்கட்டும்.

முகத்தைப் பார்த்து ஏமாறலாமா?

வாசலில் காவல் வைத்தாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நாமே அறியாதவர் அழைக்கும் கூட்டத்துக்குப் போனால், காவல் அவர் கையில் இருக்கும். 2024-இல் ஹாங்காங்கில் ஆரப் என்ற கட்டுமானப் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரைக் காணொலிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அதில் அவருடைய நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் இருப்பதாகத் தெரிந்தது. எல்லாம் கணினியில் தயாரித்த போலி உருவங்கள். அதை நம்பி அவர் 15 தடவையாக 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் லூதியானாவில் வர்த்தமான் ஜவுளி நிறுவனத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் அவர்களிடம் சி.பி.ஐ. என்று சொல்லிக்கொண்டு பேசிய கும்பல், காணொலியில் உச்ச நீதிமன்ற விசாரணை போலவே ஒரு நாடகம் நடத்தி 7 கோடி ரூபாயைப் பறித்தது. அவர் புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. அத்தனை அனுபவமுள்ள தொழிலதிபரையே ஏமாற்ற முடிந்தது என்றால், கடை வேலையின் நடுவே போனை எடுக்கும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

நீதிமன்ற விசாரணையும் வரி விசாரணையும் இப்போது காணொலியில் நடப்பது உண்மைதான். உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 6 அன்றே அதற்கு வழி வகுத்தது. ஆனால் எந்த அதிகாரியும் காணொலியில் யாரையும் கைது செய்வதில்லை. கணக்கைச் சரிபார்ப்பதற்காகப் பணத்தை அனுப்பச் சொல்வதும் இல்லை. விசாரணை என்று அழைப்பு வந்தால், எழுத்து மூலமான நோட்டீஸ் இருக்கிறதா என்று நம் ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ காட்டிக் கேட்க வேண்டும்.

பணத்துக்கு ஒரே விதி போதும். காணொலியில் யார் சொன்னாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய நம்பருக்கு நாமே போன் செய்து பேசிய பிறகுதான் பணம் அனுப்ப வேண்டும். சரக்கு கொடுக்கும் ஆலைக்காரர் "வங்கிக் கணக்கை மாற்றிவிட்டோம்" என்று சொன்னாலும் இதே விதிதான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அறுபதைக் கடந்த நம்மைப் போன்றோருக்கு இதெல்லாம் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். தராசிலிருந்து மின்னணு எடைக் கருவிக்கும், பேரேட்டிலிருந்து கணினிக்கும் மாறிய நமக்கு இதுவும் பழகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, நான்கு பேரை வைத்து ஒரு கூட்டம் நடத்திப் பாருங்கள். மேலே சொன்ன ஒன்பதையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் மாட்டி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புமுன் அதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுமாறு வணிக நண்பர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.