பணியில் உள்ளோருக்கு அயல்நாட்டுப் பயிற்சி

அயல்நாட்டுக் கல்விக்கான உபகாரச் சம்பளம் என்றதும் பட்டம் பெற்ற இளைஞர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும் விரிவாக்க அலுவலர்களுக்கும் என்றே ஏற்பட்ட உபகாரச் சம்பளங்களும் உண்டு. இவற்றில் பல, பட்டம் வழங்குவதற்காக அமைந்தவை அல்ல. பணியின்போது எழுந்த வினாவிற்கு விடை காண உதவுபவை.

இத்தகைய ஏற்பாடுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பெருகின. போரில் எஞ்சிய பொருள்களை அயல்நாடுகளில் விற்ற தொகையைக் கல்விப் பரிமாற்றத்திற்குப் பயன்படுத்த 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபுல்பிரைட் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவுடன் இதற்கான ஒப்பந்தம் 1950 பிப்ரவரியில் கையெழுத்தாயிற்று. 2008-ஆம் ஆண்டின் புதிய ஒப்பந்தத்தால் இந்திய அரசும் செலவில் பங்கேற்கலாயிற்று. ஆசிய நாடுகளின் அலுவலர்களுக்குத் தொழிற் பயிற்சி அளிக்கும் கொழும்புத் திட்டம் 1951-இல் செயற்படத் தொடங்கியது.

பணி அனுபவம் உடையோருக்கென 1978-இல் ஏற்பட்டது ஹம்ஃப்ரி உபகாரச் சம்பளம். குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் பணி அனுபவம் வேண்டும் என்பதும், பத்து மாதம் பல்கலைக்கழகத்திலும் தொழில் நிலையங்களிலும் பயில வேண்டும் என்பதும், பட்டம் வழங்கப்படுவதில்லை என்பதும் இதன் அமைப்பு. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென ஆறு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றும் ஃபுல்பிரைட் பெயரில் வகுக்கப்பட்டது.

விண்ணப்பத்தின் உயிர்நிலை அதில் எழுப்பப்படும் வினாவே ஆகும். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். 1956-இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனவே, இங்கு வீட்டில் தமிழ் பேசி, அலுவலகத்தில் மலையாளம் எழுதும் ஊழியர் பலர். அயல்நாட்டு விண்ணப்பமோ ஆங்கிலத்தில் அமைகிறது. மூன்றாம் மொழியில் எழுதத் தயங்கி நல்ல வினாக்களை வெளியிடாமலே விட்டுவிடுதல் பெரும் இழப்பாகும்.

இப்பகுதியின் மரச்சீனியைத் தேமல் நோய் தாக்குகிறது. வெள்ளை ஈயாலும், நோயுற்ற செடியிலிருந்து வெட்டிய கரணையாலும் அது பரவுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும், நைஜீரியாவின் இபாதான் நகரில் 1967-இல் நிறுவப்பட்ட சர்வதேச நிலையமும் இந்நோயை ஆராய்ந்துள்ளன. “மேல்நாட்டு விவசாயத்தை அறிய விரும்புகிறேன்” என்று ஓர் அலுவலர் எழுதினால் அது எவரும் எழுதக்கூடியதே. “நோயற்ற கரணைகளைக் கிராமத்திலேயே பெருக்கி வழங்குவது எவ்வாறு?” என்று எழுதினால், வயலை அறிந்தவர் எழுதியது எனத் தேர்வாளர் உணர்வர். அவ்வாறே ஆசிரியர் ஒருவர், “இரு மொழிச் சூழலில் வளரும் குழந்தைக்குக் கணிதச் சொற்களை விளக்குவது எவ்வாறு?” என்று கேட்கலாம்.

கருத்தை முதலில் தாய்மொழியில் தெளிவுற எழுதிக்கொண்டு, பின்னர் ஆங்கிலமாக்குதல் நலம். துறையின் அனுமதியையும் விடுப்பையும் முன்னதாகவே கோர வேண்டும். மத்திய அரசு ஊழியருக்குக் கல்வி விடுப்பு பெற ஐந்தாண்டுப் பணி தேவை. மாநில ஊழியர் தத்தம் விதிகளைப் பார்க்க வேண்டும். திட்டங்களும் நிதியும் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலால் அவ்வாண்டின் அறிவிப்பையே நம்புதல் வேண்டும்.

ஃபுல்பிரைட் உதவி பெற்றவர் தாயகம் திரும்பி ஈராண்டு தங்கிய பின்னரே அமெரிக்காவில் குடியேற இசைவு கோர முடியும். கற்றது, வினா பிறந்த வயலுக்கும் வகுப்பறைக்கும் திரும்ப வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்தாகும்.