வீட்டு மின்கலமும் கரையோர மண்ணும்

கைவிளக்கு, சுவர்க்கடிகாரம், குழந்தையின் விளையாட்டுக் கார் ஆகியவற்றினுள்ளே கிடந்து உழைக்கும் சிறு உருளையைப் பேச்சுவழக்கிற் ‘பற்றரி’ என்கிறோம். பாடநூல் அதனை ‘மின்கலம்’ என்னும். காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. அறிவியலைத் தமிழிற் சொல்லுதற்குக் கலைச்சொற்கள் வேண்டுமென உழைத்தவர். அவர் பிறந்த அக்கரையையே சான்றாகக் கொண்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலமோ, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலமோ சூழலுக்குத் தீங்கு குறைந்தது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பிரெஞ்சு அறிஞர் இலெக்கிளாஞ்சி 1866இல் அமைத்த ஈரக்கலத்தைச் செருமானியரான காசுனர் 1886இல் உலர்கலமாக்கினார். அதன் நாக உறையே எதிர்முனையுமாகும். மின்னை எடுக்குந்தோறும் அவ்வுறை கரைகின்றது. மறந்துவிட்ட பழங்கலம் கசிந்து, வெண்மையாய்ப் பூத்து, கைவிளக்கின் வில்லுச்சுருளை அரித்துவிடுவதை யாவரும் கண்டிருப்பர். மீளேற்றுங் கலத்திலோ வேதிமாற்றத்தை மின்செலுத்தி எதிர்த்திசையிலும் நடத்தலாம். பிளாந்தே 1859இல் அமைத்த ஈயக்கலம் இவ்வினத்தின் முன்னோடி.

கணக்கொன்று பார்ப்போம். ‘இரட்டை ஏ’ அளவுக் காரக் கலமொன்றின் எடை ஏறத்தாழ 23 கிராம். அது தரத்தக்க மின்சக்தி ஏறக்குறைய 3 உவாற்று மணி. மின்சாரப் பட்டியலில் ஓர் அலகு என வரும் 1000 உவாற்று மணியைப் பெற வேண்டின், இத்தகைய கலங்கள் முந்நூறுக்கு மேல் வேண்டும்! அதே அளவு நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலத்தை 300 முறை ஏற்றி, ஒவ்வொரு முறையும் 2 உவாற்று மணியே பெற்றதாகக் கொள்ளினும், 200 காரக் கலங்களின் வேலையை அது செய்துவிடுகின்றது. குப்பையாவது ஒருபுறம் நாலரைக் கிலோகிராம். மறுபுறம் 30 கிராம். ஏற்றுதற்குச் செலவாகும் மின்சாரமோ, இழப்பையும் சேர்த்து, ஓரிரு அலகே. அது நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துப் பெற்றதாயினும், ஓரலகுக்குச் செலவாவது அரைக் கிலோகிராமளவு கரியே.

ஆயினும் இக்கணக்கு ‘300 முறை ஏற்றினால்’ என்னும் சொற்றொடரையே பற்றி நிற்கின்றது. நிக்கலையும் பிற உலோகங்களையும் அகழ்ந்து உருக்குவதால் மீளேற்றுங் கலத்தின் பிறப்பே சூழலுக்குப் பெருஞ்செலவு. பத்து முறை ஏற்றித் தொலைத்துவிட்டால் அச்செலவு ஈடாகாது. சுவர்க்கடிகாரத்துக்கு ஒரு காரக் கலம் ஓராண்டுக்கு மேலும் போதும். அங்கு மீளேற்றுங் கலத்தை இடுதல் வீண். நாடோறும் எரியும் கைவிளக்குக்கே, கரைவலை இழுப்போனுக்கும் யானைக்கு அஞ்சி வயற்காவல் இருப்போனுக்குமே, அது உரியது.

இனி, மண்ணைப் பற்றி. காரைதீவும் அதன் இருமருங்குமுள்ள சாய்ந்தமருது, நிந்தவூர் என்னும் முஸ்லிம் ஊர்களும் மணற்பாங்கான கரையில் அமைந்தவை. மணலில் நீர் விரைந்து இறங்கும், கிணறுகளும் ஆழமில்லாதவை. மேலே எறிவது கீழே குடிநீரிற் சேரும் வழி குறுகியது. பழைய கலங்களில் இரசம் சேர்க்கப்பட்டது. இன்றைய காரக் கலங்களிற் பெரும்பாலும் இல்லை. 2013இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அதனை மேலும் இறுக்கியது. ஆகவே கலமெல்லாம் நஞ்சென அலறுவது மிகை. நிக்கல் கடமியக் கலமே அஞ்சத்தக்கது. அது மீளேற்றும் இனத்தைச் சேர்ந்ததென்பது கருதத்தக்கது. யப்பானின் சின்சூ ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் நெல்லிற் சுரங்கக் கடமியம் ஏறி, உண்டோரின் எலும்பை நொறுக்கிய நோயை அந்நாட்டரசு 1968இல் ஒப்புக்கொண்டது. நெல்லை நம்பி வாழும் அம்பாறை மாவட்டத்தார் மறக்கலாகாத செய்தி இது.

இப்பகுதியின் குப்பை சேரும் பள்ளக்காட்டு மேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று மாண்டமை 2022 சனவரியில் உலகச் செய்தியாயிற்று. அவ்வாண்டே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி வரை நீண்டது; மீளேற்றும் விளக்குகள் வீடுதோறும் புகுந்தன. மலிவான விளக்குகள் பலவற்றினுள் இருப்பது சிறிய ஈயக்கலம். ஏற்றாது சில மாதம் வைத்தால் அதன் தகட்டில் ஈயச் சல்பேற்று இறுகிக் கலம் செத்துவிடும். பின் விளக்கு முழுவதுமே குப்பைக்குப் போகும். முச்சக்கர வண்டியின் பெரிய பற்றரியைப் பழைய இரும்பு வாங்குவோர் காசு கொடுத்துக் கொண்டுபோவர்; விளக்கினுள் ஒளிந்திருக்கும் சிற்றீயத்தை எவரும் தேடார். விலையில்லாப் பொருள் வீதியிற் கிடக்கும் என்பதே இங்கு நடக்கும் பொருளியல்.

உலர்கலம் அறவே கிடையாத காலமும் நம் நாட்டில் இருந்தது. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி செல்லவில்லை. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தீர்ந்த கலத்தை வெயிலில் வைத்து எஞ்சிய மின்னையும் வாங்கினர். தீர்ந்ததென நாம் எறியும் கலத்தில் மிச்சம் இருத்தலுண்டு: கைவிளக்கில் மங்கிய கலம் கடிகாரத்தைச் சில மாதம் ஓட்டும்.

முற்றாகத் தீர்ந்தவற்றை ஈரம்படாத மூடிய பேணியில், இனம் பிரித்துச் சேர்த்தல் நன்று. கைத்தொலைபேசியின் இலிதியம் அயன் கலத்தை மட்டும், முனைகளை ஒட்டுநாடாவால் மூடிய பின்னரே, தனியாக வைத்தல் வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று முட்டின் தீப்பற்றும்.