“பனிக்கரடி கிடக்கட்டும்... எங்க கெணத்தப் பத்திச் சொல்லுங்க!”

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு ஏன் வயலுக்குள் இறங்குவதில்லை? ஒரு வாசகரின் கேள்வியைத் தேடிப் போன பயணம்

இரண்டு மாதங்களுக்கு முன்பு, வேதாரண்யம் பகுதியிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. நுணுக்கி எழுதிய கையெழுத்து.

‘எங்கள் பக்கத்தில் காலநிலை மாற்றம் பற்றி ஒருநாள் பயிற்சி நடத்தினார்கள். பனிமலை உருகுவதையும், பனிக்கரடி ஒன்று எலும்பும் தோலுமாக நிற்பதையும் திரையில் காட்டினார்கள். மதியம் சாப்பாடு போட்டு, ஒரு பையும் நோட்டும் கொடுத்தார்கள். வந்துவிட்டோம். என் கேள்வி இதுதான். என் கிணற்றுத் தண்ணீர் மூன்று கோடையாகக் கரிக்கிறது. முல்லைச் செடியின் இலை ஓரம் கருகுகிறது. இதற்கும் அந்தக் கரடிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?’

வழக்கமாகக் கேள்வி-பதில் பகுதியில் பத்து வரியில் முடித்திருப்போம். இதற்கு அப்படிப் பதில் எழுத மனம் வரவில்லை. ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் நேரிலேயே கிளம்பிப் போனோம். (பெயர் வேண்டாம் என்று வாசகர் கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறோம். பயிற்சி நடத்தியது யார் என்பதும் இங்கே முக்கியமில்லை.)

கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மணல் மேட்டில் அவருடைய தோட்டம். முல்லை, நாலைந்து மா மரங்கள், கஜா புயலில் தப்பிய தென்னை கொஞ்சம். மேட்டுக்குக் கீழே பள்ளக்காலில் ஆறு மா சம்பா நிலம். வயது எழுபதைத் தொடுகிறது. போனதும் முதலில் கிணற்றடிக்குத்தான் அழைத்துப் போனார்.

“77 புயலுக்கு மறு வருஷம் எங்கப்பா தோண்டுன கெணறு தம்பி. பதினெட்டு அடிதான். இந்த ஊருல கல்யாணம், காதுகுத்துன்னா இங்கேருந்துதான் தண்ணி போவும். சோறு வடிக்க இந்தத் தண்ணிதான் வேணும்பாங்க. இப்ப நீங்களே வாயில ஊத்திப் பாருங்க” என்று ஒரு டம்ளரை நீட்டினார்.

கரித்தது. குடிக்கவே முடியாத அளவுக்கு இல்லை. ஆனால், இரண்டாவது வாய் குடிக்கத் தோன்றவில்லை.

மணலுக்கு அடியில் ஒரு மிதவை

இந்தக் கிணற்றின் கதையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். கடலோர மணல் மேடுகளின் அடியில் நன்னீர் தனியாக நிற்பதில்லை. மணலுக்குள் ஊறி வந்திருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரைவிட கடல்நீர் சுமார் இரண்டரை சதவிகிதம் எடை கூடியது என்பதுதான் காரணம். பனிப்பாறை தண்ணீரில் மிதப்பதை உதாரணம் சொன்னால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால், பனி என்றாலே அந்தப் பெரியவர் முறைக்கிறார். எனவே, பாரம் ஏற்றிய தோணி என்று வைத்துக்கொள்வோம். மேலே தெரிவது கொஞ்சம். அமிழ்ந்திருப்பது அதிகம்.

நிலத்தடி நன்னீர், கடல்மட்டத்தைவிட ஓரடி உயரத்தில் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். நெதர்லாந்து, ஜெர்மனி கடலோரங்களில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த கணக்கு இது. ஒன்றரை அடி நின்றால் 60 அடி. அந்த ஒன்றரை அடியில் அரை அடியை இறைத்து வற்றவிட்டால், 60 அடி நன்னீர் மெதுமெதுவாக 40 அடியாகச் சுருங்கும். அதாவது, மேலே அரை அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 20 அடி ஏறும். இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை கிடையாது. கலங்கலான ஒரு பகுதி இருக்கும். கணக்கு தோராயமானதுதான். ஆனால், போக்கு இதுதான்.

இதை மணலில் குச்சியால் வரைந்து காட்டினோம். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கிணற்றின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாயைக் காட்டினார்.

“கஜாவுக்கு அப்புறம் கோடையில ஊத்து கொறைஞ்சுது. அப்பா கெணத்த வத்த விடக் கூடாதுன்னு கடன ஒடன வாங்கி 65 அடிக்கு சைடுல போர் எறக்குனேன். அப்ப நானேதான் உப்ப மேல கூப்புட்டேனா?”

பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. பெரிய பங்கு அந்த போருக்குத்தான். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியிருக்கிறது என்று ஐ.பி.சி.சி. எனப்படும் சர்வதேசக் காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை சொல்கிறது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால், ஒன்றரை அடி நன்னீர் உயரத்தை நம்பிப் பிழைக்கும் மேட்டுக்கு அது அற்பமில்லை. மழையும் பழைய மாதிரி மணலில் நிதானமாக ஊறும்படி பெய்யாமல், இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்த்தால், பாதி கடலுக்கே ஓடிவிடுகிறது. கஜா போன்ற புயல் கடலைத் தூக்கி உள்ளே வீசும்போது உப்பு மேலிருந்தும் இறங்குகிறது. பனிமலை உருகினால் அந்தத் தண்ணீர் வந்து சேருமிடம் கடல்தானே? ஆக, கரடிக்கும் கிணற்றுக்கும் சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தத்தைப் பயிற்சியில் யாரும் கோத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஊர்ப் பாசம் காதைத் திறக்கும்

பெரியவர் கரடிக்காகக் கலங்கவில்லை என்பதால், அவருக்கு அக்கறை இல்லை என்று அர்த்தமா? கிணற்றைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடைந்ததைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மனிதருக்கு உலகத்தின் மேல் பாசம் வருவது அரிது. வாய்க்கால், களத்துமேடு, புளியமரத்தடி... இவற்றின் மேல்தான் வரும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லீலா ஸ்கேனல், ராபர்ட் கிஃபோர்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு உலக அளவிலான பாதிப்பைச் சொல்லும் செய்தி. சிலருக்கு அவரவர் வட்டாரத்தில் என்ன நடக்கும் என்ற செய்தி. வட்டாரச் செய்தியைப் படித்தவர்களுக்கு அக்கறை கூடியது. தங்கள் ஊர் மேல் பிடிப்பு அதிகமுள்ளவர்களிடமும் அக்கறை கூடுதலாக இருந்தது. உலகச் செய்தி, எந்தச் செய்தியும் கொடுக்கப்படாதவர்களைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. 2013-ல் வெளியான ஆய்வு இது. நம் ஊர்த் திண்ணையில் கேட்டிருந்தால் செலவில்லாமல் சொல்லியிருப்பார்கள் என்றாலும், ஆய்வாகச் சொன்னால்தான் சில இடங்களில் எடுபடுகிறது.

ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் ஊர்களைத் தின்றபோது, அங்கே வாழ்ந்தவர்களின் வலியைக் கவனித்த கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவ அறிஞர் அதற்கு ‘சோலஸ்டால்ஜியா’ என்று ஒரு பெயர் வைத்தார். ஊரைவிட்டுப் போனவர் ஊரை நினைத்து ஏங்குவது நமக்குத் தெரியும். இது, ஊரிலேயே இருந்துகொண்டு, ஊர் கண்முன்னே மாறிப்போவதைப் பார்த்து ஏங்குவது. நம்மவர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோதே ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வையும் சேர்த்து வைத்தார்கள். கடலோர நெய்தலுக்கு அவர்கள் கொடுத்தது இரங்கல். டம்ளர் தண்ணீரை நீட்டிய பெரியவரின் முகத்தைப் பார்த்தபோது, அது நினைவுக்கு வந்தது.

ஐஸ்லாந்துக்காரர்கள் 2019 ஆகஸ்டில் ‘ஓக்’ என்ற பனியாற்றுக்கு இறுதி அஞ்சலியே நடத்தினார்கள். மலையேறிப் போய்ப் பாறையில் ஒரு செப்புப் பலகை பதித்தார்கள். பனி அவர்களுடைய ஊர்ப் பொருள். அதனால் அவர்களுக்கு அது வேலை செய்தது. அதையே நாகப்பட்டினத்தில் காட்டினால் தூக்கம்தான் வரும்.

அதே பாசம் கண்ணையும் மறைக்கும்

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால், பெரியவர் போர் இறக்கியது கிணற்றின் மேல் இருந்த பாசத்தால்தான் என்பதை மறக்க முடியவில்லை. கிணற்றைப் பற்றி அக்கறையே இல்லாதவர் அந்த 65 அடிக்குப் போயிருக்க மாட்டார்.

‘எங்க மண்ணு கைவிடாது’ என்ற பேச்சைக் கடலோரத்தில் எங்கேயும் கேட்கலாம். 2004 சுனாமியில் உப்பேறிய வயல்களை, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, இரண்டு மூன்று போகத்தில் மீட்டெடுத்தவர்கள் இவர்கள். அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. ஆனால், சுனாமி ஒருநாள் வந்து போன உப்பு. மேலே தண்ணீர் விட்டால் கழுவிக்கொண்டு போனது. கீழேயிருந்து ஏறும் உப்புக்கு அந்த வைத்தியம் முழுதாகப் பலிக்காது. பழைய வெற்றியின் நினைவு, புதிய ஆபத்தைச் சின்னதாகக் காட்டிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாவற்றையும் ‘காலநிலை மாற்றம்’ தலையில் கட்டுவது. ஆற்றில் தண்ணீர் வராதது, மணல் அள்ளியது, கடலோரத்து இறால் குட்டைகள், ராத்திரி முழுக்க ஓடும் மோட்டார் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். இறால் பண்ணைகளுக்கு எதிராக இந்தப் பகுதிப் பெண்கள் களத்தில் நின்றார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உலக வெப்பநிலையைச் சொல்லி அந்தப் பெண்களைத் திரட்டவில்லை. குடிதண்ணீர் கெட்டுப்போகிறது என்பதுதான் பேச்சு.

விதையில் ஒரு பாடம்

பள்ளக்காலில் என்ன நெல் என்று கேட்டோம். “பொன்மணிதான். எங்கப்பா காலத்துக்கு அப்புறம் அத விட்டதில்ல” என்றார். அந்தப் பொன்மணியின் அசல் பெயர் சி.ஆர்.1009. இப்போது அவர் போடுவது சி.ஆர்.1009 சப்-1 என்பது அவருக்கே பாதிதான் தெரிகிறது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றில் இருந்த, வெள்ளத்தைத் தாங்கும் மரபணுவைச் சேர்த்த ரகம் இது. தண்ணீருக்குள் மூழ்கியதும், மேலே வரத் துடித்து வளர்ந்து களைத்துப் போகாமல், வளர்ச்சியை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரம் வரை தாங்கும். ‘வெள்ளத்துக்கு ஏற்ற புது ரகம்’ என்று எங்கிருந்தோ ஒரு பெயரோடு வந்திருந்தால், பெரியவர் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பார். பழகிய பொன்மணியின் முகத்தோடு வந்ததால் கேள்வியில்லாமல் வயலில் இறங்கியது. முகாம் நடத்துகிறவர்கள் இந்த ரகத்திடம் பாடம் படிக்கலாம்.

இனி அவர் கேட்டதற்குப் பதில். போரின் அடிப்பகுதியைக் களிமண்ணும் சிமென்டும் போட்டு அடைத்துவிடுங்கள். பழைய 18 அடிக் கிணற்றிலிருந்து, சிறிய மோட்டாரால், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என விட்டு விட்டு இறையுங்கள். போதாவிட்டால் தள்ளித் தள்ளி ஆழமில்லாத குட்டைகள் இரண்டு மூன்று எடுக்கலாம். ஒரே இடத்தில் ஆழம் போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை மேட்டிலேயே தங்கி ஊறும்படி வரப்பு வேண்டும். மாதம் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதித்து, உப்பின் அளவை நோட்டில் எழுதி வாருங்கள் (பயிற்சியில் கொடுத்த நோட்டு இதற்கு உதவும்). நெல் வயலில் மண்ணின் உப்பு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும். ஒரு எச்சரிக்கை: உப்பு என்றதும் ஜிப்சம் கொட்டாதீர்கள். அது களர் நிலத்துக்கான மருந்து. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. எது என்று மண் பரிசோதனை சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர் ஒரு சிக்கலைச் சொன்னார். “நான் அடைச்சிடுவேன் தம்பி. பக்கத்துல என் தம்பி மவன் அஞ்சு ஹெச்.பி. மோட்டார் போட்டு ராவெல்லாம் இறைக்கிறான். மேடு ஒண்ணுதானே? நிறுத்துறான்னா, ‘பெரியப்பாவுக்குப் பொறாமை’ம்பான். ஏற்கெனவே வரப்புத் தகராறு வேற.”

கடல்மட்டம், சதவிகிதம் எல்லாம் அங்கே எடுபடாது என்பது அவருக்கே தெரியும். எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஆடி அமாவாசை முடிந்து இரண்டு நாள் கழித்து அவரே போனில் அழைத்தார். கோடியக்கரைக்கு நீராடப் போகும்போது தம்பி மகனையும் கூட்டிப்போயிருக்கிறார். தர்ப்பணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அப்பாவின் படத்துக்கு முன்னால் இரண்டு டம்ளர் வைத்தாராம். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் தம்பி மகனின் போர் தண்ணீர்.

“ரெண்டையும் குடிடா, ஒன் தாத்தா தோண்டுன தண்ணி எதுன்னு சொல்லுன்னேன். குடிச்சிப் பாத்துட்டு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு பெரியப்பான்னான். ஆமாண்டா, ரெண்டுமே உப்புதான்னேன். அப்புறமா மணல்ல குச்சிய வெச்சு, நீங்க வரைஞ்ச மாதிரியே வரைஞ்சேன். நிறுத்துறேன்னு சொல்லல. எத்தனை மணி நேரம் ஓட்டலாம்னு கேட்டான். அதுக்கு என்ன சொல்லட்டும் தம்பி?”

தண்ணீர் மாதிரிகள் இரண்டையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம். முடிவு வந்ததும், நேரக் கணக்கைக் கேள்வி-பதில் பகுதியில் எழுதுகிறோம். உங்கள் ஊர்க் கிணறும் கரிக்கிறதென்றால், கிணற்றின் ஆழம், கடலிலிருந்து தூரம், எந்த ஆண்டிலிருந்து கரிக்கிறது என்ற விவரங்களோடு எழுதுங்கள்.