தண்ணீர்தான் கடினம்!

தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். உள்ளே ஒரு மேடு ஏறி இறங்குகிறதா? அதுதான் குரல்வளை. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் தொண்டையில்தான் பிரிகின்றன. அதனால் விழுங்கும்போதெல்லாம் குரல்வளை மேலே எழும்பும், அதன் மூடி கவிழும், குரல் நாண்கள் இறுகும், மூச்சும் நிற்கும். சோறு தொண்டையைக் கடக்க ஏறக்குறைய 1 நொடிதான். அதற்குள் 30க்கும் மேற்பட்ட தசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். கட்டளை மூளையிலிருந்து வருகிறது.

பேசிக்கொண்டே சாப்பிட்டால் இந்த வரிசை கலைந்து புரையேறும். "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று பாட்டி தலையில் தட்டுவார். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றுவது இருமல்தான்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. கை கால் விழுந்துவிடுவதும் வாய் கோணுவதும் வெளியே தெரியும். தொண்டைத் தசைகள் தளர்ந்திருப்பது தெரியாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முதல் சில நாட்கள் விழுங்கச் சிரமம் இருக்கும். சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சியே குறைந்துவிடும். தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனாலும் இருமல் வராது! நுரையீரலில் நிமோனியா வந்த பிறகே விஷயம் தெரியும். அதனால்தான் விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை, வீட்டார் ஆசையாக நீட்டும் ஒரு வாய் தண்ணீரைக்கூட செவிலியர்கள் தடுக்கிறார்கள்.

சோற்றைவிடத் தண்ணீர் எளிது என்றுதானே நினைப்போம்? தண்ணீர் சரசரவென்று ஓடிவிடும். தளர்ந்த தசைகள் வழியை மூடுவதற்குள் இறங்கிவிடும். கெட்டியான கஞ்சி மெதுவாக நகர்ந்து அவகாசம் கொடுக்கும். ரசம் சாதம் இன்னும் சிக்கல். பருக்கை வாயில் நிற்க, ரசம் முன்னால் ஓடிவிடும். அதற்காகப் பட்டினி போட முடியுமா? உடம்பு தேற புரதமும் சத்தும் வேண்டும். கிடைக்காவிட்டால் தசைகள் மேலும் மெலியும். விழுங்கவே முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் விட்டு, திரவமாக உணவு கொடுப்பார்கள்.

பெரும்பாலோர் சில வாரங்களில் மறுபடி விழுங்கத் தொடங்கிவிடுகிறார்கள். எப்படி? 1990களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஷாஹீன் ஹாம்டி என்ற மருத்துவரின் குழு இதை ஆராய்ந்தது. தலைக்கு மேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டி, தொண்டைத் தசைகளை அசைப்பது எந்த இடம் என்று வரைபடம் எடுத்தார்கள். விழுங்குவதில் மூளையின் இரு பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு பக்கத்தின் பங்கு பெரிது. அது அடிபட்டால் விழுங்குவது சிரமமாகிறது. தேறியவர்களை மறுபடி சோதித்தபோது, அடிபடாத பக்கத்தில் அந்த வேலைக்கான இடம் விரிந்திருந்தது. இதுவரை சின்ன வேலை பார்த்த பக்கம் பெரிய வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது! எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் வியப்புதான்.

விழுங்குவதற்குப் பயிற்சி தரும் நிபுணர்கள் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். நாக்கை அண்ணத்தில் அழுத்துவது, பலங்கொண்டு விழுங்குவது என்று சொல்லித்தருவார்கள்.

உங்கள் வீட்டுத் தாத்தா இப்படித் தேறிவருகிறாரா? அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். டிவியை அணைத்துவிடுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த கரண்டி. கேள்வி எதுவும் அப்போது வேண்டாம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கதை பேச அதுதான் நேரம்.