மூல ஓலையும் படியோலையும்

பெரிய புராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தை மாணவர்க்கு நடத்தும் ஆசிரியர்கள், திருவெண்ணெய்நல்லூர் வழக்கினைப் பத்திச் சுவைக்காகவே விரித்துரைப்பர். அஃது ஓர் ஆவண வழக்கும் ஆகும். முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே, மூல ஓலை வேறாகக் காக்கப்பட்டிருந்தது. அவையோர் வழக்கம், ஆவணம், சாட்சி ஆகியவற்றுள் ஒன்றேனும் வேண்டும் என்றனர். மூல ஓலை வந்ததும், பாட்டனார் முன்பு எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். பாட்டனார் பெயரும் ஆரூரன். பேரன் பெயரும் ஆரூரன் என்பது கருதத்தக்கது.

ஆவணத்தைப் பற்றி இத்துணை நுட்பமாகப் பாடம் சொல்லும் நாம், நம் வீட்டுப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறோம்?

கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்த முனியாண்டி என்பவரை எண்ணிக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழுக்குத் தோட்டக் கிராணி ஒருவர் ஆங்கில எழுத்தில் அவர் பெயரை ஒருவாறு எழுதினார். அடையாள அட்டை எடுத்தபோது, ஈற்றில் 'ஐ' எழுத்து நின்ற இடத்தில் 'ஒய்' வந்து அமர்ந்தது. நிலப்பட்டாவில் தந்தை பெயரே வேறாயிற்று. தமிழில் எழுதினால் எழுத்து மாறாத பெயர், அலுவலகத்தில் மூன்று மனிதராகி விடுகிறது! அவர் உயிரோடிருக்கையில் சத்தியப் பிரமாணம் எழுதி 'இம்மூவரும் யானே' என உறுதி கூறுதல் எளிது. அவர் மறைந்தபின் அதே உண்மையை மனைவி மக்கள் நிறுவ வேண்டும். அதற்கு ஆகும் அலைச்சல் சொல்லி முடியாது.

மனைவியின் நிலை இதனினும் நுட்பமானது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணம் பதிவு பெற்றதாகவே கொள்ளப்படும். ஆயினும் அது நடந்ததற்குச் சான்று வேண்டுமன்றோ? திருமண அழைப்பிதழ், நிழற்படம், கோயில் சீட்டு, நேரில் கண்ட முதியோர் ஆகிய எதனையும் அற்பமெனத் தள்ளலாகாது. அதன்பின் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றவர்கள் பதிவு செய்யாமல் காலங்கடத்துவது பெரும்பிழை. கணவன் மறைந்தபின் மனைவி என்னும் உரிமையை நிலைநாட்டல் பெரும்பாடாகும்.

உயில் எழுதாது இறந்தார் எனின், முஸ்லிம் அல்லாதார்க்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வழி வகுக்கிறது. மனைவியும் மக்களும் மட்டும் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மக்களுக்கு மூன்றில் இரு பங்கும் சேரும். பெற்றோரும் இருந்தால் அவர்க்குக் கால், மனைவிக்குக் கால், மக்களுக்கு அரை. இது தம் எண்ணத்துக்கு ஒவ்வாது என்பார் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி உயில் எழுதுக. அஃது எழுத்தில் அமைந்து, சாட்சிகள் இருவரும் ஒருங்கே முன்னிற்கக் கையொப்பம் பெறல் வேண்டும். சாட்சியிட்டவரோ அவர்தம் கணவன் மனைவியோ உயிலின்வழிப் பயன்பெற இயலாது. அன்பு மகனையே சாட்சியாக்கி அவன் பங்கைக் கெடுத்துவிடும் தந்தையரும் உளர். உயில் எழுதியபின் மணம் செய்துகொண்டால், அம்மணத்தை எதிர்நோக்கி எழுதியதல்லாத பழைய உயில் பொதுவாக வலுவிழக்கும் என்பதும் நினைவிற்குரியது.

1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் பணத்துக்கு அங்கே தனியே பெயர் நியமிக்க வேண்டும். உயிலில் எழுதினால் போதும் எனக் கருதுவது தவறு. ஏழாண்டு கையாளப்படாத வங்கிக் கணக்கு, 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை கோரப்படாத பணமாக அரசுக் கணக்குக்குச் செல்லும். வாரிசுகள் கோரிப் பெறலாம். ஆனால் அப்படியொரு கணக்கு இருந்ததே அவர்கட்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

ஆகவே பிரிக்பீல்ட்சு அடுக்குமாடியில் ஓய்வூதியம் பெற்று வாழ்பவராயினும் சரி, கிள்ளானில் கடை வைத்திருப்பவராயினும் சரி, ஒரு குறிப்பேடு தேவை. வங்கி, சேமநிதி, காப்புறுதி, நிலப்பட்டா, கொடுத்த கடன், வாங்கிய கடன், மூல ஆவணம் இருக்குமிடம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, படியை வேறிடத்தில் வைத்து, வீட்டில் ஒருவர்க்கேனும் சொல்லிவிடுக. அடகுச் சீட்டையும் அதில் சேர்க்க மறவற்க. மீட்கும் தவணை ஆறு மாதம். சீட்டு எங்கேயென்று தெரியாத வீட்டில் அம்மாவின் சங்கிலி பெரும்பாலும் அந்த ஆறு மாதத்திலேயே போய்விடுகிறது.